பழம் பொறிக்கு மறுவாழ்வு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசை பேசுவது மரபு. இவ்வாண்டு நிருவாகக் குழுவினர் எங்களை அழைத்து, "காலனியின் பின்புறத்தில் பதினான்கு மாதங்களாக ஞாயிறுதோறும் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்? எல்லாரும் அறியச் சொல்லுங்கள்" என்று பணித்தார்கள். எனவே இரும்பையும் எண்ணெயையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சுவை குறைந்தால் பொறுத்தருள வேண்டும்.

'நாங்கள்' என்று சொல்வது மேடை வழக்குக்காக அன்று. ஐந்து குடும்பத்தார் இதில் ஈடுபட்டோம். எங்களுள் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் மூவர். பணியில் இருப்பவர் நால்வர். பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் ஐவர். இத்தனை பேரும் சேர்ந்து பழைய டீசல் டிராக்டர் ஒன்றை, வீட்டுக் கொல்லையிலேயே பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடச் செய்தோம். செய்தி இவ்வளவே. ஆனால் அதனூடே கற்றவை பல.

முதலில் அந்த வண்டியின் குலமரபைச் சொல்லிவிடுகிறோம். செருமனி நாட்டில், மியூனிக் நகருக்கு அருகே ஃபோர்ஸ்டெர்ன் என்னும் சிற்றூரில், ஐஷர் என்னும் குடும்பப் பெயர் கொண்ட சகோதரர் இருவர் 1936-ஆம் ஆண்டில் தங்கள் முதல் டிராக்டரைச் செய்தனர். 1948-இல் அவர்கள் காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் பூட்டிய டிராக்டரைக் கொண்டுவந்தனர். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ரேடியேட்டர் இல்லை, கடுங்குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும் அச்சமும் இல்லை. அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப உறவோடு, 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இந்தியாவில் கட்டப்பட்ட முதல் டிராக்டர் வெளிவந்தது. எங்கிருந்து என்று கேட்பீர்கள். நாம் வாழும் இந்த ஃபரிதாபாத்திலிருந்துதான்!

நாட்டுப் பிரிவினையின்போது வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வீடிழந்து வந்த மக்களுக்காக எழுப்பப்பட்ட தொழில்நகரம் இது. பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வந்த நம்மவர்க்கும் பிறகு இடம் கொடுத்தது. அத்தகைய ஊரில் பிறந்த வண்டி அது. இன்னும் ஒரு வியப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டில் ஐஷரின் டிராக்டர்த் தொழிலைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃபே நிறுவனம் வாங்கியது. நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். அந்தப் பெயர் வடக்கிலிருந்து தெற்கே போயிற்று. வழியில் சந்தித்துக்கொண்டோம் என்று சொல்லலாம்.

இந்த வண்டியைப் பல்வல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கண்டோம். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், வறட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றது. ஒரே சிலிண்டர், ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவு. இன்றைய பெரிய டிராக்டர்களுக்கு முன்னால் நிறுத்தினால் கன்றுக்குட்டி போலத் தோன்றும். தோட்டத்துக்கும் சிறு நிலத்துக்கும் ஏற்ற வண்டி. பதினெட்டு ஆண்டுகள் அது அசையவில்லை. வீட்டுப் பெரியவர் அதைக் கபாடிக்காரருக்குக் கொடுக்க மனமின்றி வைத்திருந்தார். பிள்ளைகளோ இடத்தை அடைக்கிறது என்று முணுமுணுத்தார்கள். நாங்கள் கேட்டபோது அவர் இரும்பு விலைக்கே தர இசைந்தார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். "ஓடினால், ஒரு நாள் இங்கே கொண்டுவந்து என் நிலத்தில் ஒரு மணி நேரம் உழ வேண்டும்" என்றார். நாங்களும் வாக்குக் கொடுத்தோம். அன்று அவருக்கு வயது எண்பத்து மூன்று.

வண்டி காலனிக்கு வந்ததும் கேள்விகளும் வந்தன. "செலவிடும் பணத்தில் நல்ல வண்டியே வாங்கலாமே" என்றனர் சிலர். பணக் கணக்கு மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால் இதைப் போன்ற முயற்சி எதுவும் தேறாது. இன்னும் கடுமையான கேள்வி ஒன்றையும் கேட்டனர்: "மூச்சு விட முடியாத இந்தப் பகுதியில் இன்னொரு புகைக்குழாய் வேண்டுமா?" இதை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. தில்லியைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் சாலையில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. அதன்பின் அதுபற்றி மேலும் பல ஆணைகள் வந்துள்ளன. ஆணையின் நோக்கம் நம் பிள்ளைகளின் நுரையீரல் என்பதை நாம் மறக்கலாகாது. ஆகவே, இந்த வண்டி சாலையில் ஓடாது. அன்றாட வேலைக்கும் பயன்படாது. பழுது நீக்கப்பட்ட பொருட்காட்சிப் பொருளாகவே இருக்கும் என்று முதல் நாளிலேயே முடிவு செய்துகொண்டோம். எழுதியும் வைத்தோம்.

பின் எதற்காகச் செய்தோம்? எங்களுள் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இங்குள்ள தொழிற்சாலைகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் எஞ்சின் பொருத்தும் வேலை பார்த்தவர். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். நடுக்க நோயால் இப்பொழுது அவர் கையில் ஸ்பானர் நிற்பதில்லை. கை அறிந்ததெல்லாம் மனத்தில் இருக்கிறது. மனத்தில் உள்ளதை எழுதி வைக்கவோ அவருக்குப் பழக்கமில்லை. வேறு கைகள் வேலை செய்தால்தான் அந்த அறிவு வெளிவரும். ஆகவே, ஒரு வண்டி தேவைப்பட்டது. உண்மையான காரணம் அதுதான்.

வேலை நடந்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இளைஞர்கள் செவிசாய்க்க வேண்டும்.

நெடுநாள் நின்ற எஞ்சினைக் கண்டவுடன் அதைச் சுழற்றிப் பார்க்கவே எவர்க்கும் ஆசை வரும். பெரியவர் அதைத் தடுத்தார். "உறங்குகிறவனை உதைத்து எழுப்பாதே" என்றார். சிலிண்டருக்குள் துரு பிடித்திருந்தால், வலிந்து சுழற்றும்போது பிஸ்டன் வளையங்கள் முறியும், சுவரும் கீறும். எனவே டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒன்பது நாட்கள் வாளா விட்டோம். பத்தாம் நாள் பிளைவீலைக் கையால் தள்ளினோம். ஒரு விரற்கடை அசைந்தது. அன்றைக்கு அவ்வளவே போதும் என்றார் பெரியவர்.

அடுத்தது பிரித்தல். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் நிழற்படம் எடுத்தோம். கழற்றிய மரைகளையும் திருகுகளையும் தனித்தனி டப்பாவில் இட்டுச் சீட்டு ஒட்டினோம். இதற்காக எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிகளும் பால்பவுடர் டப்பாக்களும் மாயமாய் மறைந்தன. வாசலில் கோலமிடும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்தது. அதைப் பொறுத்துக்கொண்ட இல்லத்தரசிகளுக்கு இம்மேடையில் நன்றி சொல்லாவிடில் இன்றிரவு எங்களுக்குச் சோறில்லை.

காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். விசிறி தள்ளும் காற்று அவற்றினூடே பாய்ந்து சூட்டை வாரிச் செல்ல வேண்டும். எங்கள் வண்டியில் அந்த இடைவெளிகள் வைக்கோலும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சுவர் வைத்ததுபோல் அடைபட்டிருந்தன. அவ்வண்டி நின்றுபோனதன் காரணம் அங்கேயே தெரிந்தது. சூடு போக வழியின்றி எஞ்சின் வெந்துபோயிருக்கிறது. மூங்கில் குச்சிகளைச் சீவிக்கொண்டு பிள்ளைகள் மூன்று ஞாயிறுகள் அவற்றைச் சுத்தம் செய்தார்கள்.

வெந்துபோன எஞ்சினின் தலைப்பாகத்தில் வெடிப்பு இருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் ஓர் எளிய சோதனை சொன்னார். தலைப்பாகத்தை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசி, அரைமணி நேரம் கழித்து மீண்டும் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவச் சொன்னார். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்ல ஊறி வந்து, வெள்ளைப் பொடியில் இரு வால்வுகளுக்கும் நடுவே மயிரிழை போல் கறுத்த கோடு ஒன்று தெரிந்தது. அன்று எங்கள் முகங்களும் கறுத்தன. தலைப்பாகம் இன்றி எஞ்சின் இல்லை.

மாற்றுப் பாகம் தேடிப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் தில்லி மாயாபுரிக்கு நான்கு முறை போனோம். நான்காம் முறையில், வேறு வண்டிப் பாகங்களின் குவியலுக்கு அடியில் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் அதன் பெயரை அறியார்; எடை போட்டுக் கொடுத்தார். அதற்கும் சுண்ணக்கட்டிச் சோதனை செய்தோம். கோடு எதுவும் தெரியவில்லை. வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் சாணைப் பசை தடவித் தேய்த்து, புழையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டும் கசியாத வரையில் தேய்த்தோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 16-இல் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்னும் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய தத்துவம் இது. எனவே நெருக்கம் குறைந்தால் எஞ்சின் பிழைக்காது. பிஸ்டன் மேலேறி நிற்கும்போது தலைப்பாகத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகச் சரியாக இருக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத அவ்விடைவெளியை எவ்வாறு அளப்பது? பிஸ்டனின் மேல் மெல்லிய ஈயக்கம்பித் துண்டுகளை வைத்து, தலைப்பாகத்தை முடுக்கி, பிளைவீலை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் கழற்றினோம். நசுங்கிய ஈயத்தின் தடிப்பே இடைவெளியின் அளவு. இதைப் பார்த்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, "தாத்தா, ஈயம் நமக்குப் பதிலாக உள்ளே போய்ப் பார்த்து வந்ததா?" என்று கேட்டாள். நடுங்கும் கைகளைத் தட்டிச் சிரித்தார் பெரியவர். அவர் அவ்வாறு சிரித்துப் பல திங்கள் ஆயிற்று என்று அவர் துணைவியார் பிறகு எங்களிடம் சொன்னார்கள்.

டீசலைத் தள்ளும் பம்பினை மட்டும் நாங்கள் பிரிக்கவில்லை. அதன் உள்ளே ஓடும் தண்டுக்கும் உறைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் இரண்டு மூன்று கூறுகளே. தலைமயிரின் தடிப்பு அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். ஒரு தூசி புகுந்தால் கதை முடிந்தது. சோதனை மேடை உள்ள பட்டறையில் கொடுத்துச் சீர்செய்து வாங்கினோம். தம்மால் இயலாத வேலை எது என்று அறிதலும் தொழிலறிவின் ஒரு பகுதி.

பேரிங்குகள் கிடைக்குமோ என்று அஞ்சினோம். அவற்றில் பொறித்திருந்த எண்களைத் துடைத்துப் படித்தபோது அச்சம் நீங்கியது. இவை உலகெங்கும் ஒரே அளவாக வகுக்கப்பட்டவை. 6205 என்று எழுதியிருந்தால் கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்குக. 25 மில்லிமீட்டர் உட்துளை. தாத்தா காலத்து வண்டிக்குப் பேரன் காலத்துக் கடையில் பாகம் கிடைத்தது. பல நாட்டார் கூடி ஓர் அளவை ஒத்துக்கொண்டதன் பயன் இது. ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம்; கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான்.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். பழைய கிளச்சுத் தட்டிலும் பிரேக்கிலும் கல்நார் இருக்கக்கூடும். அத்தூசியை ஊதக் கூடாது, நனைத்துத் துடைக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்க்கக் கூடாது. இன்ஜெக்டர் தெளிக்கும்போது முன்னால் கை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக் குருதியில் கலந்துவிடும். டீசல் எஞ்சின் சில வேளை தன் எண்ணெயையே குடித்துக் கட்டுமீறி ஓடும். அப்போது டீசலை அடைத்தாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். அதற்காக முதல் ஓட்டத்தின்போது காற்றுக்குழாய் வாயை மூடத்தக்க தடித்த பலகை ஒன்றை ஏந்தி ஒருவர் நின்றார். எஞ்சினுக்கு முன்பே பிரேக்கைச் சீர்செய்துவிட்டோம். ஓடக் கற்குமுன் நிற்கக் கற்க வேண்டும் என்பது பெரியவர் வாக்கு.

வண்ணம் பூசுவதில் எங்களுக்குள் வழக்கு உண்டாயிற்று. புதிது போல் பளபளக்கச் செய்ய வேண்டும் என்றனர் இளைஞர். வேண்டாம் என்றனர் மூத்தோர். முடிவில், துருப்பிடித்த இடங்களுக்கு மட்டும் வண்ணம் தந்தோம். கிளச்சு மிதியின் இரும்பு, அந்த உழவரின் பாதம் பட்டுப்பட்டு ஒரு பக்கம் குழிந்திருந்தது. அதைத் தொடவில்லை. அக்குழிவை நிரப்பினால் வண்டி புதிதாகும். ஆனால் அவருடையதாக இராது.

பதினான்காம் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை எஞ்சின் ஓடியது. முதலில் வெண்புகை; பிறகு கரும்புகை; சூடேறியபின் புகை மங்கிற்று. ஒற்றைச் சிலிண்டரின் ஒலி, உரலில் உலக்கை விழுவது போன்றது. விட்டுவிட்டு, ஆனால் தவறாமல் கேட்கும். பெரியவர் கண்களை மூடிக் கேட்டார். "வால்வு இடைவெளி ஒன்று சற்றே கூடுதல்" என்றார். பீலர் கேஜை வைத்து அளந்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது. கை நடுங்கலாம், செவி நடுங்கவில்லை.

பிறகு வாக்கை நிறைவேற்ற வேண்டியிருந்தது. கோதுமை அறுவடை முடிந்த ஏப்ரல் திங்களில், வண்டியைச் சுமையுந்தில் ஏற்றிப் பல்வல் பக்கத்துச் சிற்றூருக்குக் கொண்டு சென்றோம். அந்த உழவர் படுக்கையில் இருந்தார். வாசலில் இறக்கி எஞ்சினை ஓட்டியதும், கட்டிலோடு வெளியே கொண்டுபோகச் சொன்னார். நிலத்தருகே கட்டில் போடப்பட்டது. அவர் பேரன் வண்டியில் ஏறினான். ஒரு மணி நேரம் உழுதான். இடத்தை அடைக்கிறது என்று முன்பு முணுமுணுத்த பிள்ளைகள் வரப்பில் வாய் திறவாமல் நின்றார்கள். எங்கள் பெரியவரும் அந்த உழவரும் ஒரே கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் தமிழும் அரைகுறை இந்தியும். மற்றவருக்கு அப்பகுதி மொழி மட்டுமே. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எஞ்சின் ஒலியில் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த உழவர் ஆடித் திங்களில் காலமானார். அவர் குடும்பத்தார் வண்டியைத் திரும்பக் கேட்டார்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டோம். இரும்பு விலையைத் தர முன்வந்தார்கள், நாங்கள் பெற்றுக்கொள்ளவில்லை. ஆகவே, அன்பர்களே, வண்டியை எங்கே காணலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை: நம் காலனியில் இல்லை, பொருட்காட்சிக்கு உரிய இடம் அதுவே என்று பிறந்த மனையிலேயே நிற்கிறது. காலனியில் எஞ்சியவை எண்ணெய்க் கறையும், சில ஊறுகாய் ஜாடிகளும், பிள்ளைகள் நிரப்பிய மூன்று குறிப்பேடுகளுமே.

அக்குறிப்பேடுகளைப் பற்றி ஒரு சொல். பெரியவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் தமிழில் எழுதினார்கள். தமிழ் எழுதப் பழகாத இருவர், இதற்காகவே நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சேர்ந்தார்கள். நம் வீடுகளில் ஓய்வு பெற்ற பெரியோர் பலர் இருக்கிறார்கள். ஒருவர் கடைசல் இயந்திரத்தில் வல்லவர். ஒருவர் வார்ப்படத்தில் மணலின் பதம் அறிந்தவர். அம்மையார் ஒருவர் தறியின் ஒலியைக் கேட்டே இழை அறுந்ததைச் சொல்வார். அவர்களோடு அவையும் போய்விடலாகாது. அவர்களை அமர்த்தி, முன்னால் ஒரு பொருளை வைத்து, பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். பிரித்துப் பார்க்க ஒரு பழைய தையல் இயந்திரம் போதும். ஒரு மின்விசிறி போதும்.

சங்கம் இடம் கொடுத்தால், மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த வேலையைத் தொடர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். டப்பாக்களை மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். எங்கள் வீடுகளில் இனிக் கிடைக்கா.